துப்பாக்கிக்குக் கொடுத்த சம்பளம்

என் மைத்துனன் எனக்கு நாற்பதாயிரம் தர வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் அவன் வாங்கியது ஒரு துப்பாக்கி.

கடன் கொடுத்தவன் நான் என்பதால் இந்தக் கதையைச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு ஷட்டர் பட்டறையில் தகடு தூக்கப் போனவன் நான். இன்று நம் கடைவீதியில் காலையில் தடதடவென்று மேலே ஏறும் ஷட்டர்களில் பாதி என் பட்டறையில் பிறந்தவை. யாரிடமும் கை நீட்டியதில்லை. பட்டறை, வீடு, மாடியில் வாடகைக்கு விட்ட இரண்டு போர்ஷன், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. இதைச் சொல்ல வாயெடுத்தால் என் வீட்டுக்காரி, "ஆரம்பிச்சாச்சா?" என்பாள். ஆரம்பிக்கத்தான் வேண்டும். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது என் பெருமையை அல்ல, அவளுடைய தம்பியைப் பற்றி. நம் வணிகர் சங்கத்து மலரில் வருஷா வருஷம் முதலாளிகளின் படம் வருகிறது. கடைவீதியின் மிகப் பெரிய நகைக்கடை வாசலில் பத்தொன்பது வருஷம் வெயிலில் நின்ற ஒருவனைப் பற்றி அரை வரி கிடையாது. எனக்கு வயிறு எரிகிறது. மலர்க் குழு ஒரு வரியை வெட்டினாலும் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

மைத்துனன் என் பட்டறையில்தான் முதலில் வேலை செய்தான். ஒல்லி உடம்பு, நிதானமான பேச்சு. ஒரு நாள் ஏற்றிக்கொண்டிருந்த ஷட்டர் சறுக்கி அவன் வலது கையில் விழுந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் கட்டினேன். கை பிழைத்தது, ஆனால் ஆள்காட்டி விரல் மடங்காமல் போயிற்று. யாரையோ எப்போதும் குற்றம் சாட்டுவது போல அந்த விரல் நேராக நீட்டியபடியே நிற்கும். சுத்தியல் பிடிக்க முடியவில்லை. உட்கார்த்தி வைத்துச் சோறு போடுகிறேன் என்றேன். அவனுக்கு ரோஷம். காவல் வேலை தேடப் போனான்.

அங்கேதான் ஒரு கணக்கைக் கேட்டுக்கொண்டு வந்தான். வெறும் கையோடு வாசலில் நிற்கும் ஆளுக்கு ஒரு சம்பளம். சொந்தமாக லைசென்ஸும் துப்பாக்கியும் வைத்திருக்கும் ஆளுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. ரிட்டயர் ஆன வங்கிக் காவலர் ஒருவர் தன் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியை விற்கப்போவதாகவும் கேள்விப்பட்டிருந்தான். பட்டறைக்கு வந்து என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தான், ஒரு நாப்பதாயிரம் வேணும்."

"எதுக்கு?"

"துப்பாக்கி வாங்க."

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தேன். "யாரைச் சுடப் போறே? என்னையா?"

"உங்களைச் சுட நாப்பதாயிரம் எதுக்கு அத்தான்? நாலு நாள் டீக்காசு பாக்கி வச்சாலே உங்களுக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, ஆனாலும் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. நல்ல கெட்டித் தகட்டில் ஒரு நீளப் பெட்டி செய்து, அவன் வீட்டுச் சுவருக்குள் கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்தேன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் துப்பாக்கி அதற்குள்தான் இருக்க வேண்டும், சாவி அவன் பெண்டாட்டி இடுப்பில்தான் இருக்க வேண்டும், இதற்குச் சம்மதம் என்றால் பணம் என்றேன். சம்மதித்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் துப்பாக்கி வைத்திருந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருமே "திருடன் வந்தா இருக்கட்டும்" என்றுதான் வாங்கினார்கள். ஒரு வீட்டுக்கும் திருடன் வரவில்லை. ஒருவர் துடைக்கும்போது தன் பாதத்தையே சுட்டுக்கொண்டார். இன்னொருவர் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுட்டு, மூன்று வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார். மூன்றாவது வீட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டம்மா இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால், "நீங்க போட்ட இரும்பு கேட்டு நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை என்பதுதான் அவள் சொல்வது. மகன் அறைக்கதவு உள்ளிருந்துதான் தாழிட்டிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். துப்பாக்கி இருந்தால் தைரியம் என்று என்னிடம் யாரும் காது குத்த வேண்டாம். திருடனுக்கு நல்ல பூட்டும் நல்ல கதவும் போதும். எனக்கு விற்பனை ஆக வேண்டும் என்று சொல்கிறேன் என்பார்கள். ஆமாம், விற்பனையும் ஆக வேண்டும்தான். அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடுமா?

லைசென்ஸ் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போலீஸ்காரர் தெருவில் ஒவ்வொரு வீடாக விசாரித்தார். என்னிடம் வந்து, "உங்க மச்சான் கோபக்காரரா?" என்று கேட்டார். "எங்க குடும்பத்துக் கோபமெல்லாம் மொத்தக் குத்தகை எனக்குத்தான் சார், அவனுக்கு மிச்சம் இல்ல" என்றேன். குடிப்பானா, கடன் உண்டா, பெண்டாட்டியோடு சண்டையா என்று கேள்வி மேல் கேள்வி. அதற்கு நான் கோபப்படவில்லை. கேட்கத்தான் வேண்டும், குடைந்து குடைந்து கேட்க வேண்டும். ஆனால் இத்தனை கேட்டவர்களில் ஒருவர்கூட அவன் வலது கையைப் பார்க்கவில்லை! டாக்டர் நாடி பிடித்தார், கண்ணைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். விசையை இழுக்க வேண்டிய விரல் மடங்காத ஒருவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ். இதை நான் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை.

அவனிடமே கேட்டேன். "ஏன்டா, ஆபத்துன்னா எந்த விரலால சுடுவே?"

"சுடறதுக்கா கூப்பிடறாங்க அத்தான்? நிக்கறதுக்குத்தானே?"

அவன் சொன்னது சத்தியம். நகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி தோட்டாக்களை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். வாசலில் நிற்பவன் கையில் குண்டு நிறைத்த துப்பாக்கி இருந்தால் அவருக்குப் பயமாம். திருடன் வந்தால்? "வந்தா என்கிட்ட வந்து சாவி கேளு" என்றாராம். திருடன் அதுவரை வளையல் பார்த்துக்கொண்டிருப்பான் போல. கடைப் பையன்கள் அவனுக்குத் "தோட்டா" என்று பெயர் வைத்தார்கள். தோட்டா இல்லாததால் தோட்டா. கடைவீதி முழுக்க அந்தப் பெயர்தான். அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

பத்தொன்பது வருஷம் நின்றான். காலையில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவான். வயதானவர்களைக் கைபிடித்துப் படி ஏற்றுவான். குழந்தைகள் துப்பாக்கியைத் தொட வந்தால் சட்டென்று முதுகுப் பக்கம் மாற்றிக்கொள்வான். "பொம்மைதானேப்பா?" என்று பெற்றவர்கள் கேட்டால், "இல்லீங்க, நிஜம். அதான் தரமாட்டேன்" என்பான். வாரம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைப்பான். ஒரு தடவைகூட சுட்டதில்லை.

என்னை எரிய வைத்தது வேறு. தேர்தல் வந்தால் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும் நாட்களுக்கு நகைக்கடையில் அவனுக்குச் சம்பளம் கிடையாது. அப்போதும் அவன் போய் வாசலில் நிற்பான், கதவு திறப்பான், படி ஏற்றுவான். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை, "துப்பாக்கி வரலியே" என்று கழித்துக்கொள்வார். ஆள் வந்தானே ஐயா! முழு மனிதன் வந்து நின்றானே! அந்த மாதங்களில் அக்கா வீட்டு அரிசிதான் அவன் அடுப்பில் வெந்தது. இப்படி இருந்தால் என் கடனை எங்கிருந்து அடைப்பான்? ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று வரும். நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தேனே தவிர மறக்கவில்லை. நான் எதையும் மறப்பவன் அல்ல.

பத்தொன்பதாம் வருஷம் கடைக்குள் கேமராக்கள் வந்தன. ஏஜென்சியிலிருந்து சீருடை போட்ட இளவட்டம் ஒருவன் பளபளவென்று புதுத் துப்பாக்கியோடு வந்தான். தோட்டாவிடம், "நாளையிலிருந்து வேண்டாம்" என்றார்கள். இத்தனை வருஷ வேலைக்குச் சேர வேண்டிய பணத்தை அவன் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறான். முதலாளி சிரித்தாராம்.

"நாங்க சம்பளம் கொடுத்தது துப்பாக்கிக்கு. நீ அதைத் தூக்கிட்டு வந்தே, அவ்வளவுதான். துப்பாக்கிக்கு யாராவது பணிக்கொடை குடுப்பாங்களா?"

இதை அவன் என்னிடம் சொன்னபோது அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். நான் அப்போதே கிளம்பினேன். "வேண்டாம் அத்தான், அசிங்கம்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அந்த மடங்காத விரல் என் மணிக்கட்டில் குத்தியது. விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் செங்கல் சூளை முதலாளி என் பட்டறைக்கு வந்தார். ஏற்கெனவே ஒரு கைத்துப்பாக்கி இடுப்பில் வைத்திருப்பவர். கோயிலுக்குப் போனாலும் சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு அது தெரியும்படிதான் நடப்பார். வீட்டுக்கு இரும்பு கேட் செய்ய வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்க மச்சான்கிட்ட ஒண்ணு இருக்கே, ரெட்டைக் குழல்? ஒண்ணேகால் லட்சம் சொல்லியிருக்கேன். வாங்கறதுக்கு அனுமதி ஒரே வாரத்துல வந்திடுச்சு."

"ஒரே வாரத்திலா?"

"ஆளு இருக்குல்ல" என்று கண்ணடித்தார்.

"இடுப்புல ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?"

"இது கிட்டக்கத்தான் வேலை செய்யும். எங்க அண்ணன் பொதுச் சுவத்தைத் தாண்டிக் கடைக்கால் தோண்டறான். மாடியில நின்னா அவன் முற்றம் அப்படியே தெரியும். ஒரு அடி, ஒரே ஒரு அடி இந்தப் பக்கம் வைக்கட்டும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். மனிதர்கள் நிஜத்தைச் சொல்லும்போது இப்படிச் சிரிப்பார்கள். என் மைத்துனனைக் கேட்டது போல இவரை யாராவது கேட்டார்களா? கோபக்காரரா, பங்காளிச் சண்டை உண்டா என்று தெருவில் யாராவது ஒரு வீட்டுக் கதவையாவது தட்டினார்களா? சட்டம் ஏழையின் வீட்டு வாசலில் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கும், பணக்காரன் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போய்விடும். முன்பணத்தை எடுத்து அவர் மடியில் போட்டேன். "கேட்டு வேற எங்கயாவது செஞ்சுக்கோங்க" என்றேன். "பட்டறைக்காரனுக்குக் கொழுப்பைப் பாரு" என்றபடி போனார். கொழுப்புதான். உழைத்துச் சேர்த்த கொழுப்பு.

அங்கிருந்து நேராக மைத்துனன் வீட்டுக்குப் போனேன். அவன் சுவர்ப் பெட்டியைத் திறந்து வைத்து, துப்பாக்கியைப் பாயில் கிடத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் கொடுப்பதாக இருந்தது.

"யாருக்கு விக்கறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அவன் எதுக்கு வாங்கறான்னு தெரியுமா?"

துடைப்பதை நிறுத்தவில்லை. "ஊருக்கே தெரியும் அத்தான்."

"தெரிஞ்சுமா? ஒரு உசிரை வித்தா கடன் அடைக்கப் போறே?"

அப்போதுதான் முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. "பின்னே எதை விக்கச் சொல்றீங்க? என்கிட்ட வேற என்ன இருக்கு? இருபது வருஷமா உங்க வீட்டுப் படி ஏறும்போதெல்லாம் அந்த நாப்பதாயிரம் எனக்கு முன்னாடி ஏறுது. அக்கா சோறு போட்டா தொண்டையில நிக்குது. நீங்க கேக்கலைன்னு சொல்லாதீங்க. பார்க்கறீங்க! ஒவ்வொரு தடவையும் பார்க்கறீங்க!"

அவன் பெண்டாட்டி சமையலறை வாசலில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். எனக்கும் தலைக்கேறிவிட்டது.

"ஆமாண்டா, பார்ப்பேன்! என் பணம், நான் பார்ப்பேன்! ஆனா இந்தப் பணத்தை என் கையில வச்சே, அப்புறம் என் கை எனக்கே வேண்டாம். கடன் அப்படியே இருக்கட்டும். நீ செத்தாலும் இருக்கட்டும். அவனுக்கு மட்டும் குடுக்காதே."

"கடனும் அடைக்கக் கூடாது, விக்கவும் கூடாது. என்னதான் செய்யறது?"

"அதை ஒழிக்கணும். அதுதான் செய்யணும்."

அவன் துணியை மடித்துக் கீழே வைத்தான். பிறகு துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தான். பூட்டினான். சாவியைப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். "காலையில எடுத்துக் குடு. ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றான். ஒன்றேகால் லட்சம் போயிற்று. ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. இவனைத்தான் துப்பாக்கி தூக்கி வந்த ஆள் என்றார்கள்.

ஒப்படைத்த துப்பாக்கிகளை என்ன செய்வார்கள் என்று பலருக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை சேர்த்து வைத்து வெட்டித் துண்டாக்குவார்கள். எங்கே வெட்டுவார்கள்? கேஸ் கட்டர் இருக்கும் பட்டறையில். நம் ஊரில் அது என் பட்டறைதான். ஏட்டு ஒருவர் சாக்கு மூட்டையோடு வந்து பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றும் துண்டாவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போவார். அந்த வருஷம் மூட்டையிலிருந்து ஏழாவதாக வந்தது என் மைத்துனனுடையது. எண்ணெய் மினுமினுப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆள் அனுப்பி அவனை வரச்சொன்னேன். வந்து பட்டறைக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பின்னால் நின்றான். ஏட்டு குழலுக்குள் வெளிச்சம் பார்த்துவிட்டு, "என்னங்க, உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. சுட்டதே இல்லையா?" என்றார்.

"கதவு திறந்துக்கிட்டிருந்தேன் சார்" என்றான் மைத்துனன்.

என் ஆட்கள் யாரையும் விடவில்லை. நானே கட்டரைப் பிடித்தேன். நீல நெருப்பு பட்டதும் முதலில் எண்ணெய் புகைந்தது. பிறகு குழல் சிவந்து, வெண்மையாகி, துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. என் நாற்பதாயிரத்தை என் கையாலேயே வெட்டினேன். அந்தச் சூட்டிலும் எனக்குள் சூளைக்காரர் மேல் கொதித்தது, நகைக்கடைக்காரர் மேல் அதைவிட அதிகமாகக் கொதித்தது. மைத்துனன் குனிந்து ஒரு துண்டை எடுக்கப் போனான். "சுடும்டா" என்றேன். "இனிமேலா?" என்றான். ஏட்டுகூடச் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு அவன் ஒரு அடுக்குமாடி வாசலில் வெறும் கையோடு காவலுக்கு நின்றான். சம்பளம் பாதி. அந்த விரலால் வண்டிகளுக்கு இடம் காட்டுவான். கடன் அப்படியே இருந்தது. என் வீட்டுக்கு வருவது குறைந்தது. அக்கா கூப்பிட்டால்கூட வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவான். என் வீட்டுக்காரி என்னிடம் பேச்சைக் குறைத்தாள். குழம்பில் உப்பும் குறைந்தது.

அப்போதுதான் நகைக்கடை ஷட்டர் ஸ்பிரிங் அறுந்தது.

நான் எதுவும் செய்யவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், செலவு என்று தள்ளினார்கள். முகூர்த்த மாதம். காலையில் தாலி வாங்க வந்த கூட்டம் தெருவில் நிற்கிறது. ஷட்டர் கீழேயே கிடக்கிறது, பத்து பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையவில்லை. முதலாளி போன் செய்தார். வேறு ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எல்லாரும் என்னிடம் தொழில் கற்றவர்கள். "அண்ணன் வராம நாங்க தொடமாட்டோம்" என்றுவிட்டார்கள்.

போனேன். கருவிப் பெட்டியைக் கீழே வைத்தேன். படியில் உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணே, உக்காந்துட்டீங்க? ஜனம் நிக்குது."

"நிக்கட்டும். எங்க மச்சான் பத்தொன்பது வருஷம் நின்னான். அவனுக்குச் சேர வேண்டியதைக் குடுங்க, ஷட்டர் ஏறும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கூலி எவ்வளவு வேணும், கேளுங்க."

"எனக்குக் கூலியே வேண்டாம். அவன் பணம் வேணும்."

முகம் சிவந்தது. "மிரட்டறீங்களா?"

வாசலில் அந்தச் சீருடை இளவட்டம் துப்பாக்கியோடு விறைப்பாக நின்றான். அவனைக் காட்டினேன். "மிரட்டறேன்னா அதோ உங்க துப்பாக்கி இருக்கே. துப்பாக்கிக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க? அதை வந்து ஷட்டரைத் தூக்கச் சொல்லுங்க."

தெருவே சிரித்தது. தாலி வாங்க வந்த ஒரு பெரியவர், "யாரு, நம்ம தோட்டாவுக்கா பணம் தரல? என்னைப் படி ஏத்திவிடுவாரே, அவருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். இன்னொரு அம்மா, "நாம வேற கடைக்குப் போவோம்" என்று பையை இடுப்புக்கு மாற்றினாள். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. லாபமெல்லாம் ஷட்டருக்குள் கிடக்க, பாக்கெட்டில் பணம் இல்லாமல் நடுத்தெருவில் நின்றார். வீட்டுக்குக் கார் அனுப்பினார். கணக்குப்பிள்ளை நிழலில் நின்று கணக்குப் போட்டார். தேர்தல் மாதங்களையும் சேர்க்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தார்.

மைத்துனனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அடுக்குமாடியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தான். "என்ன அத்தான் இது, நடுத்தெருவுல?" என்றான். "பேசாம வாங்கு" என்றேன். முதலாளி அவன் கையில் கட்டுகளை வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. இவன்தான் கும்பிட்டான். எனக்கு அங்கேயே ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

ஸ்பிரிங்கை மாற்றினேன். ஷட்டர் ஏறியது. கூட்டம் உள்ளே போனது. நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது மைத்துனன் எதிரில் நின்றான்.

"அத்தான், கையை நீட்டுங்க."

யாரிடமும் கை நீட்டாதவன் நான். கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்தேன். வேண்டாம், வைத்துக்கொள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கடனை அடைக்கக்கூட அவன் எதை விற்காமல் விட்டான் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அவன் இனி ஒருநாளும் என் வீட்டுப் படி ஏறமாட்டான்.

கையை நீட்டினேன். அவன் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தான். மடங்காத விரல் ஒவ்வொரு நோட்டையும் என் உள்ளங்கையில் அழுத்திவிட்டு எழுந்தது. நானும் கூடவே எண்ணினேன். இடையில் ஒன்று கிழிந்திருந்தது.

"இது செல்லாது. மாத்திக் குடு."

"இத்தனை வருஷம் பொறுத்தீங்க, ஒரு கிழிசலைப் பொறுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

சிரித்துக்கொண்டே அதை உருவி, வேறு நோட்டை வைத்து, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினான். நாற்பதாயிரம் சரியாக இருந்தது.